செடி தின்ற பூச்சிகளின் பட்டியல்

எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொண்டாப்பூரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி பால்கனியில் கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டு ஒடித்துக்கொண்டு போவார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, அரிசி களைந்த தண்ணீர்தான். மதுரையிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்குத் தெலுங்கு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது எதை விட்டேனோ இல்லையோ, அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாத பழக்கத்தை விடவில்லை. அந்தத் தண்ணீரைக் கொண்டுதான் என் மகளின் செடியைக் கெடுத்தேன்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நெக்லஸ் ரோட்டில் நடந்த செடிக் கண்காட்சியில், பிறந்தநாளுக்குப் புது உடுப்பு வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு வீனஸ் ஃப்ளை டிராப் வாங்கினாள். உள்ளங்கை அகலத் தொட்டியில் ஏழு இலை. ஒவ்வொரு இலை நுனியிலும் பல் முளைத்த ஒரு வாய். பூச்சி உள்ளே வந்து நடமாடினால் பட்டென்று மூடிக்கொள்ளும். எந்த வாய் எந்தத் தேதியில் எதைத் தின்றது என்று எழுத ஒரு நோட்டே போட்டாள். கோடை விடுமுறைக்கு என் தங்கை வீட்டுக்கு மதுரை கிளம்பும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டாள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேனை என்னிடம் காட்டி, "ஒன்லி திஸ் வாட்டர், மம்மி. ப்ராமிஸ்?" என்றாள். நான் தமிழில் பேசினால் அவள் இங்கிலீஷிலோ தெலுங்கிலோதான் பதில் சொல்வாள்.

"ப்ராமிஸ்டி. போயிட்டு வா" என்றேன்.

பேட்டரித் தண்ணீரைப் பச்சைச் செடிக்கு யாராவது ஊற்றுவார்களா? கண்காட்சியில் எவனோ பிள்ளைக்குக் காது குத்திவிட்டான் என்று நினைத்தேன். அவள் ரயில் ஏறிய மறுநாளே அரிசித் தண்ணீரை ஊற்றினேன். பாவம், மண் வெளுத்துப்போய்க் கிடக்கிறதே என்று ஒரு பிடி மண்புழு உரமும் போட்டேன். இரண்டே வாரத்தில் ஏழு வாயும் கறுத்துத் தொங்கிவிட்டன.

தினமும் சாயங்காலம் போன் வரும். "ஈரோஜு ஏம் தின்னிந்தி?" இன்றைக்கு என்ன தின்றது என்று கேட்பாள். வாயெல்லாம் கறுத்த முதல் நாள், "ஒரு கொசுடி" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மறுநாள் எறும்பு, அதற்கு மறுநாள் ஈ. சொல்லிச் சொல்லிப் பழகி, ஒருநாள் தேனீ என்றுகூட அளந்துவிட்டேன். போனில் பென்சில் ஓடும் சத்தம் கேட்கும். எழுதி முடித்துவிட்டு, "எந்த வாய்?" என்பாள், அது மட்டும் தமிழில். "மூணாவது" என்பேன். வெட்கங்கெட்டுத்தான் சொன்னேன்.

அவள் திரும்ப ஒரு வாரம் இருந்தது. அதே மாதிரி ஒன்றை வாங்கி அதே தொட்டியில் வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். தொட்டியின் அடியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தால் ஒரு பெண் எடுத்தார். பூச்சி தின்னும் செடிகளை மட்டும் வளர்க்கிறாராம், மெட்டுகுடாவில், வீட்டு மொட்டை மாடியில். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறுத்த செடியை ஒரு பையில் வைத்து, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி ஒரு சந்து. மாடி முழுக்கப் பச்சை வலை. கீழே தட்டுத் தட்டாகத் தண்ணீர், தண்ணீருக்குள் தொட்டிகள். மூடி போட்ட குடுவைகளைத் தொங்கவிட்ட செடிகள், இலை முழுக்கப் பசை வடியும் செடிகள். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கும். ரயில்வேயில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்க்கா. ஏழு வாய் இருக்கணும்" என்றேன்.

"கைக்கு?"

அந்த ஊர் உருதுவில் ஏன் என்று கேட்கிறார் என்பது புரிய ஒரு நொடி ஆனது. "இது செத்துப்போச்சுக்கா."

"யார் சொன்னது?" தொட்டியை வாங்கி மண்ணை மோந்து பார்த்தார். முகம் கோணியது. "என்ன ஊத்துனீங்க?"

"அரிசி களைஞ்ச தண்ணி. கொஞ்சம் உரம்."

"பாயசம் ஊத்தலையா?" என்றார். "ஒண்ணுமே இல்லாத சேத்துல பொறந்ததும்மா இது. மண்ணுல சத்து இல்லைன்னுதான் பூச்சி புடிச்சுப் பொழைக்குது. இதுக்கு வேருல விருந்து வெச்சா வெந்துபோயிடும்."

செடியைப் பிடுங்கி, கறுத்த இலைகளைக் கத்தரித்தார். அடியில் பூண்டுப் பல் அளவுக்கு வெள்ளையாக ஒரு கிழங்கு இருந்தது. "அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருக்கா?"

"ஆமாக்கா."

"ஹவ், ஆமா. உயிர் இருக்கு."

"இருக்கட்டும்க்கா, சந்தோசம். புதுசும் ஒண்ணு குடுங்க. புள்ள அடுத்த வாரம் வந்துரும், இத அவ பாக்கக் கூடாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நக்கோம்மா, வேணாம். கொழந்தைய ஏமாத்த என் செடி தர மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செடி விற்கிற இடத்தில் செடி தர மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? "என் புள்ளதானக்கா, ஊரான் புள்ளையவா ஏமாத்துறேன்?" என்று கத்தினேன்.

"சொந்தப் புள்ளைன்னா ஏமாத்தலாமா?" என்றார், குரலை உயர்த்தாமல்.

அவர் ஒரு வாளியை என் முன்னால் நகர்த்தி, கிழங்கில் ஒட்டிய உரத்தை நீங்களே கழுவுங்கள் என்றார். கழுவினேன். காய்ந்த பாசியும் கழுவிய மணலும் கலந்து நட்டேன். பேட்டரித் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றால் ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரே போதும் என்றார். அவர் மாடியிலும் அக்கம்பக்கத்து ஏசி குழாய்களெல்லாம் கேன்களில்தான் வந்து விழுந்தன. "உங்க ஆபீஸ்ல ஏசிக்கா பஞ்சம்?" என்று சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தச் செடி பிழைத்தே ஆக வேண்டும், நான் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். அன்று சாயங்காலம் போன் வந்ததும், அவள் கேட்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன்.

பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தட் ஹனி பீ?" என்றாள்.

"அதுவும் பொய்தான்டி."

போனை வைத்துவிட்டாள்.

வந்து இறங்கினாள். நேராக பால்கனிக்குப் போய், இலையே இல்லாத தொட்டியைப் பார்த்தாள். நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, நான் சொன்ன ஒவ்வொரு பூச்சியையும் சிவப்புப் பேனாவால் அடித்தாள். பதினொரு கோடு. பக்கத்தில் நின்று பார்த்தேன். அழுகை வந்தது, அழவில்லை. அதற்குப் பிறகு செடியைப் பற்றி நான் என்ன சொன்னாலும் எழுந்துபோய்த் தானே பார்த்துவிட்டு வருவாள். தட்டில் தண்ணீர் இருக்கிறது என்றால்கூட விரலை விட்டுப் பார்ப்பாள்.

நான் விடுவதாக இல்லை. ஆபீஸ் கேன்டீனுக்குப் பின்னால் ஏசி குழாய் சொட்டும் இடத்தில் தினமும் ஒரு கேனை வைத்தேன். கேட்டில் செக்யூரிட்டி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். "செடிக்குய்யா" என்றால் நம்ப மாட்டார். டீமில் எனக்கு ஏசி மேடம் என்று பேர் வைத்தார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸில் வருவேன், தட்டில் ஊற்றுவேன். அரிசித் தண்ணீர் கறிவேப்பிலைக்கு மட்டும் போனது. மகள் உள்ளே இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஸ்கூல் திறந்து, மழையும் பிடித்த பிறகு பாசிக்கு நடுவில் பச்சையாக ஒரு மூக்கு எட்டிப்பார்த்தது. பிறகு ஒரு வாய். பிறகு இரண்டு. ஒரு சனிக்கிழமை காலை நான் துணி காயப்போடும்போது, சின்ன வாய்க்குள் ஒரு கட்டெறும்பு தடுமாறி விழுந்தது. வாய் மூடிக்கொண்டது. அவள் அப்போது ஸ்கூலில் இருந்தாள். பார்த்தது நான் ஒருத்திதான்.

மத்தியானம் அவள் வந்து ஷூவைக் கழற்றும்போது, "உன் செடி காலையில ஒரு கட்டெறும்பப் புடிச்சுதுடி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை. எழுந்தாள். பால்கனிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவப்புக் கோடுகளுக்குக் கீழே தேதி போட்டு, எறும்பு என்று எழுதினாள்.

"எந்த வாய்?" என்றாள்.