உமிக்கரிக்கு ஒரு விரல்

விளம்பரத் தொழிலில் படம் கீறுவது கால்வாசி வேலை. மிச்சமெல்லாம், "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு, ஒரு சின்னத் திருத்தம்" என்று தொடங்கும் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பது. நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால் இப்போதே தலையை ஆட்டியிருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பெயர்ப்பலகை எழுதுவேன், கலியாண அழைப்பிதழுக்குப் படம் கீறுவேன், கடைச் சாமான்களுக்கு லேபல் செய்வேன். போரும் பொருள்தடையும்; மின்சாரம் இல்லை. சிவப்புப் பெயின்ற் வந்தால் பச்சை வராது. அச்சுக்கூடக்காரர் தாள் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டார். இந்த லட்சணத்தில், புதிய சாமான் ஒன்றுக்குச் சந்தையில் பெயர் எடுத்துத் தாருங்கள் என்று ஒருவர் வந்தால் எப்படி இருக்கும்? வந்தார். வட்டக்கச்சி யோகம் அக்கா.

சிரித்த முகம்

சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு உள்ளே வந்த அக்கா, ஒரு காகிதச் சரையை மேசையில் விரித்தார். உள்ளே கறுப்புத் தூள். உமியைக் கரியாக்கி, உப்பும் மிளகும் கராம்பும் சேர்த்து இடித்த பற்பொடி. கடைகளில் பற்பசையைக் கண்ணால் காணமுடியாத காலம். அந்தப் போகம் அவர்களுடைய வயல் பொய்த்துப் போயிருந்தது. அவரும் கணவர் சிவலிங்கத்தாரும் பிள்ளைகளும் இந்தத் தூளை விற்றுத்தான் சாப்பிடவேண்டும். ஆனால் உமிக்கரியை யாரும் தங்கள் வீட்டிலேயே சுட்டுக்கொள்ளலாம். அப்படியிருந்தும் இவருடைய தூளைத்தான் வாங்கவேண்டும் என்று சனத்துக்குத் தோன்றவேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்திருந்தார்.

என் வித்தை முழுவதையும் இறக்கினேன். பல்வரிசை பளிச்சென்று தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணைக் கீறி, கன்னத்தில் குழிகூட வைத்தேன். அக்கா அதை நெடுநேரம் பார்த்தார். வடிவாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். பிறகு மெதுவாகப் படத்தை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, இந்த நாளையில இப்பிடிச் சிரிக்கிற ஆளைக் கண்டால், இவவுக்கு எங்கையிருந்து சாமான் வருது எண்டுதான் சனம் யோசிக்கும்."

திருத்தம் இல்லாத படம்

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது உண்மை. அடுத்த நாள் விடியக் கிணற்றடிக்குப் போனபோது அங்கே நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவரிடமும் பிரஷ் இல்லை. கரி, சாம்பல், வேப்பங்குச்சி என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். கரிக்காரர் எல்லோருடைய வாயிலும் ஆள்காட்டி விரல். கடைக்கு ஓடிவந்து நிமிர்ந்த ஒரு விரலைக் கீறினேன். நுனியில் மட்டும் கறுப்பு. வேறு ஒன்றும் இல்லை. தேய்ந்த ரப்பர்ச் செருப்பின் குதிப்பக்கத்தை வெட்டி, பிளேட்டால் அதையே அச்சாகச் செதுக்கினேன்.

சுற்றிவரப் பூ வைக்கச் சொல்வார், மூலையில் பிள்ளையார் கேட்பார், பிள்ளைகளின் பெயரையும் போடச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தன் விரலைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 

"என்ர விரல் மாதிரியும் கிடக்கு, எல்லாற்ற விரல் மாதிரியும் கிடக்கு."

மை

அச்சு இருந்தது, மை இல்லை. வவுனியாப் பக்கமிருந்து யாராவது கொண்டுவரும்வரை பொறுக்கவேண்டும் என்றேன். பொறுக்க அவருக்கு எங்கே வசதி? விளாம்பிசினைத் தண்ணீரில் கரைத்தார். தன்னுடைய கரியையே துணியில் சலித்து அதில் குழைத்து, சிரட்டையில் வைத்து என்னிடம் நீட்டினார். எனக்கு நம்பிக்கை இல்லை. அச்சை மையில் தோய்த்து, பழைய கொப்பித்தாளில் மடித்த சரையில் குத்திப் பார்த்தேன். கன்னங்கரேலென்று விரல் விழுந்தது.

 சரைக்குள் இருக்கும் தூளே சரையின் மேல் சித்திரமாகவும் நிற்கிறது! நான் பார்த்த எந்தப் பெரிய கம்பனியின் விளம்பரத்துக்கும் இது வாய்த்ததில்லை. அன்று அக்காவோடு கூட வந்து, கதிரையில் இருந்து சரை மடித்துக்கொண்டிருந்த சிவலிங்கத்தார் அதிகம் பேசாதவர். அவரும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்குக் கிடக்கிறதையே வெளியிலயும் பூசிப்போட்டியள். இனி விளம்பரமெண்டால் பொய்யெண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

இரண்டு விரல்

கொஞ்ச நாளில் கடைகளில் யாரும் பற்பொடி என்று கேட்பதில்லை. "விரல் ஒண்டு தாங்கோ" என்றுதான் கேட்டார்கள். எழுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அதுதான் பெயர். சந்தையில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இப்படியொரு பெயரை நான் வைக்கவே இல்லை, சனமே வைத்தது.

சும்மா விடுவார்களா? கண்டாவளையிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் உமிக்கரி இடிக்கிறாராம். அக்காவுக்கு ஒரு விரல் என்றால் தனக்கு இரண்டு விரல் வேண்டுமாம், அப்போதுதான் எடுப்பாக இருக்குமாம். முடியாது என்று அனுப்பினேன். அவர் வேறு யாரையோ பிடித்துச் செய்வித்துவிட்டார். அக்காவின் வியாபாரம் போய்விடுமோ என்று பயந்தேன். ஒருநாள் கண்டாவளைக் கடையில் நின்றபோது, கடைக்காரர் ஒரு அம்மாவிடம் அந்த இரண்டு விரல் சரையை நீட்டினார். அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரண்டு விரலை வாய்க்குள்ள விட்டால் ஓங்காளிச்சுச் சத்தியெல்லோ வரும்."

மேலே காட்டிய விரல்

பிறகு சண்டை நெருங்க, கிளிநொச்சிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. அக்காவும் பிள்ளைகளும் நானும் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். உரலையும் உமி மூட்டைகளையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாகச் சிவலிங்கத்தார் சொன்னார். சனக்கூட்டத்தில் அவர் எங்களிடமிருந்து பிரிந்துபோனார். நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் கொட்டில் போட்டபிறகும் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்கா அழுதுகொண்டே ஒரு உரலை இரவல் வாங்கி இடிக்கத் தொடங்கினார். பிள்ளைகள் சாப்பிடவேண்டுமே.

கொட்டில் றோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வாங்குகிறவர்களுக்கு வழி தெரியாது. மரங்களில் விரலைக் கீறிவிடச் சொன்னார். நான் தொழில் சுத்தக்காரன் அல்லவா? ஒரு சின்னத்தை யாரும் விரும்பியபடி திருப்பக்கூடாது என்று கற்றவன். சரையில் இருப்பதுபோலவே, நேராக, வானத்தைப் பார்க்கும் விரலாகக் கீறினேன். அடுத்த நாள் ஒரு சரைகூட விற்கவில்லை. பார்க்கப் போனால், மரத்தடியில் ஒரு குடும்பம் பதுங்கு குழிக்குள் இறங்கி இருக்கிறது. தகப்பன்காரர் என்னையும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஆரோ மேல பாக்கச் சொல்லி மரத்தில கீறிக் கிடக்கு. கிபிர் பிளேன் குண்டு போட வருதாக்கும் எண்டு பிள்ளையளை இறக்கிப்போட்டன். நீங்களும் இறங்குங்கோ."

சரிந்த விரல்

எல்லா விரலையும் அழித்துவிட்டு, கொட்டிலுக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம் காட்டும்படி சரித்துக் கீறினேன். அக்கா மைச் சிரட்டையோடு கூட வந்தார். ஒவ்வொரு மரத்திலும், கொஞ்சம் பெரிதாக்குங்கோ என்றார். சின்னத்தைப் பெரிதாக்கச் சொல்லாத வாடிக்கையாளர் உலகத்தில் உண்டா? எனக்கு எரிச்சல்தான் வந்தது. நடந்துபோகிறவர்களுக்கு இவ்வளவு போதும் என்றேன்.  அவர் நாங்கள் வந்த றோட்டின் கடைசித் தொங்கலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெருப்பம் யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரம் கொள்ளுமட்டும் பெரிதாகக் கீறினேன்.

சனம் வந்தது. தூளும் விற்றது. ஒருநாள் பின்னேரம் கொட்டில் வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். நானும் சரை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்தபடி தூளை அள்ளிப் போட்டுக்கொண்டே, முன்னால் வந்து நின்ற புழுதிக் கால்களைப் பார்த்து எத்தனை சரை வேண்டும் என்று கேட்டார். கால்காரர் இன்னும் கிட்ட வந்தார். தொண்டையைச் செருமினார். சிவலிங்கத்தாரின் குரல்.

"எனக்குத் தூள் வேண்டாம். விரல் இஞ்சால எண்டு காட்டிச்சுது, வந்திட்டன்."

அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளர் சின்னத்தைப் பெரிதாக்கச் சொன்னாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிதாக்கிவிடுகிறேன், தூரத்தில் யார் வந்துகொண்டிருக்கிறார்களோ நமக்கென்ன தெரியும்.