மூளிக்கு வைத்த பொட்டு

பாண்டுரங்கனுக்கு ஆலையில் வைத்திருந்த பெயர் ‘ரெண்டுவாட்டி’. எதையும் ஒரு தடவை செய்துவிட்டு நிம்மதியாக உட்கார அந்த மனிதரால் முடியாது. திண்டிவனம் ஸ்டேஷனில் சைக்கிளைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், பிளாட்பாரம் வரைக்கும் வருவார், திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் விழுப்புரம் பாசஞ்சரில் மயிலம் வரைக்கும் போனவர், பூட்டினோமா என்ற சந்தேகம் தாளாமல் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வந்தார். சைக்கிள் பூட்டித்தான் இருந்தது. அரைநாள் லீவு போனதுதான் மிச்சம்.

இப்படிப்பட்ட ஆளைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. எண்பத்தெட்டாம் வருஷம் விழுப்புரத்துப் பக்கம் இருந்த அந்தக் கரும்பு ஆலை ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. ஏழு டைப்பிஸ்டுகளில் ஆறு பேர் அதைத் தொடவே பயந்தார்கள். பாண்டுரங்கனும் பயந்தார், ஆனால் மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. மெட்ராஸில் இரண்டு வாரம் பயிற்சி. அங்கே சொன்னதில் பாதி அவருக்கு ஏறவில்லை. ஒன்றே ஒன்று ஆணி அடித்த மாதிரி ஏறியது: இந்த மிஷின் எந்த நேரத்திலும் படுத்துக்கொள்ளும், ஆகவே உள்ளே இருப்பதை ஃபிளாப்பியில் நகல் எடுத்து வைக்க வேண்டும். பேக்கப் என்று அதற்குப் பெயர்.

உள்ளே இருந்தது சாதாரண விஷயமில்லை. இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு விவசாயிகள் எந்தத் தேதியில் கரும்பு நட்டார்கள் என்ற பதிவு. முதலில் நட்டவனுக்கு முதலில் வெட்டு உத்தரவு. பத்து நாள் தள்ளிப் போனால் கரும்பு காய்ந்து விறகாகிவிடும். முந்தைய வருஷங்களில் ஆள் பார்த்து, சிபாரிசு பார்த்து வரிசை புரண்டுகொண்டே இருந்தது. இந்த வருஷம் மிஷின் சொல்வதுதான் வரிசை என்று ஊர் ஊராகத் தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஜோரில் கரும்பு மேனேஜர் நடராசன் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கே கோபம் வரும். மிஷினில் ஏறிவிட்டதே, இனி காகிதம் எதற்கு என்று, வயல் வயலாகப் போய் எழுதி வந்த பதிவுச் சீட்டுகளையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பாண்டுரங்கன் வேண்டாம் என்றார், திட்டு வாங்கினார். அடுத்த வாரமே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுத் தள்ளுவண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்தால் அந்தக் காகிதத்தில் ஒலக்கூர் விவசாயி ஒருவரின் நடவு தேதி. அன்றிலிருந்து தினமும் அந்தத் தள்ளுவண்டியில் மல்லாட்டை வாங்கினார். பதினோரு சீட்டு சேர்ந்தது. அவ்வளவு மல்லாட்டை தின்னத்தான் வீட்டில் ஆளில்லை.

ஃபிளாப்பி வாங்கிக் கொடுத்ததும் பத்து இருக்கிற ஒரே டப்பாதான். இன்னொன்று கேட்டதற்கு நடராசன், “இதுல ஆறுதான ஆவுது? மீதி சும்மாதான கெடக்குது?” என்றார். கிடந்ததையும் வேறு செக்‌ஷன் எடுத்துக்கொண்டு போனது. பாண்டுரங்கன் அந்த ஆறு ஃபிளாப்பியிலும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பேக்கப் எடுத்தார். வாரத்துக்கு ஒன்று போதும் என்று பயிற்சியில் சொன்னதை அவர் மதிக்கவில்லை.

ஆயுத பூசைக்கு முதல் நாள் மாலை. நாலு மணிக்கு பேக்கப் முடித்துவிட்டு, புதிதாக வந்த ஒன்பது பேருடைய பதிவை ஏற்றிக்கொண்டிருந்தார். ஐந்தரைக்கு விளக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. மிஷின் அணைந்து தானே எழுந்தது. இன்னொரு பேக்கப் எடுக்கலாம் என்று டப்பாவைத் திறக்கும்போது, ஆபீஸ் கூட்டுகிற சின்னபொண்ணு துடைப்பத்தோடு வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள். அந்தக் கட்டடத்தில் மேனேஜரைத் தவிர மற்ற எல்லாரையும் அதட்டுவாள்.

“எழுந்திருங்க சார். கழுவி வுடணும், பொட்டு வெக்கணும், படையல் போடணும். ஊருக்கே பூசை நடக்குது, நீங்க இன்னாத்த தட்டிக்கினு இருக்கீங்க?”

“ஃபிளாப்பிய வேணா சாமிகிட்ட வெச்சுக்க. ஆனா குங்குமம், சந்தனம், விபூதி, எந்தப் பொடியும் இதுமேல படக்கூடாது. பட்டா மிஷின் போச்சு. புரியுதா?”

“புரியுது, புரியுது.”

புரிந்ததா என்று இன்னொரு தடவையும் கேட்டார். நடுவில் நடராசன் ஒரு கையெழுத்துக்குக் கூப்பிட, கால் மணி நேரம் போய் வந்தார். பொடி எதுவும் படவில்லை. டப்பாவில் ஆறும் இருந்தன. இன்னொரு பேக்கப்புக்கு நேரமில்லை, ரயில் வந்துவிடும். பீரோவில் வைத்துப் பூட்டி, கேட் வரைக்கும் போய், திரும்பி வந்து பீரோவை இழுத்துப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

இரண்டு நாள் விடுமுறை அவருக்கு நரகம். விளக்கு கண் மூடித் திறந்த பிறகு இன்னொரு பேக்கப் எடுக்காதது உறுத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் வாசலுக்குப் போனார். மனைவி வீரம்மாள் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனாள்.

“இன்னாங்க, ஒரு எடத்துல இருக்க மாட்டீங்களா? என் கண்ணுதான் சுத்துது. அந்த மிசினையே கட்டியிருக்கலாம்.”

“கரெண்டு போச்சு வீரம்மா. ஒரு நொடிதான். ஆனா போச்சு.”

“அதான் வந்துடுச்சில்ல? சாப்பிடுங்க.”

விடுமுறை முடிந்த காலையில் முதல் வண்டியிலேயே போய் இறங்கினார். ஆலை கேட்டில் அதற்குள் பத்து இருபது பேர். அன்று மூன்று மணிக்கு முதல் வெட்டு உத்தரவுப் பட்டியலை ஒட்டுவதாக அறிவிப்பு. ஒலக்கூர் தாண்டவராயன் தோளில் துண்டோடு முன்னால் வந்தார். போன வருஷம் அவருடைய கரும்பு இரண்டு மாதம் வெட்டாமல் நின்று, கடைசியில் தீ வைத்துக் கொளுத்தினதுதான் நடந்தது.

“இந்த வருசம் மிசினு சொல்றதுதான் வரிசைன்னாங்க சார். நம்பி வந்துகினு இருக்கேன். நான் தை மாசமே நட்டவன்.”

“வரும் பெரியவரே, வரும்,” என்று சொல்லிக்கொண்டே பாண்டுரங்கன் நிற்காமல் நடந்தார்.

செருப்பைக் கழற்றி அறைக்குள் போனவர் வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டு நாள் தவித்த தவிப்புக்கு முதலில் பேக்கப். முதல் ஃபிளாப்பியைச் சொருகினார். இதில் உள்ளதை அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுதுவேன், சம்மதமானால் ஒரு பொத்தானை அழுத்து என்று மிஷின் வழக்கம்போலக் கேட்டது. அழுத்தினார். தினமும் இரண்டு தடவை அழுத்துகிற பொத்தான்.

கறகறவென்று சத்தம். பச்சை எழுத்தில் ஒரு வரி. எழுத முடியாது, தடை போட்டிருக்கிறது.

மறுபடி அழுத்தினார். அதே வரி. இன்னொரு தடவை. அதே வரி. நடராசன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாய்யா பேஜாரு? மூணு மணிக்கு லிஸ்ட்டு ஒட்டணும். ஜல்தி ஆவட்டும்.”

“எழுத பர்மிஷன் இல்லன்னு சொல்லுது சார்.”

“பர்மிஷனா? இந்த செக்‌ஷன்ல நான் குடுக்காத பர்மிஷன வேற எவன் குடுக்கிறது? நான் சொன்னேன்னு எழுது. வேணும்னா கையெழுத்து போட்டுத் தர்றேன்.”

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

அவரை அனுப்பிவிட்டுப் பாண்டுரங்கன் ஃபிளாப்பியை உருவிப் பார்த்தார். அந்தக் கறுப்புத் தட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். வெட்டு திறந்திருந்தால் எழுதலாம். ஒரு காகிதத்தை ஒட்டி மூடிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். அந்த வெட்டின் மேல், காலணா அகலத்தில், அரக்குக் கலர் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இரண்டு பக்கமும் மடித்து ஒட்டியிருந்தது. மற்ற ஐந்தையும் எடுத்தார். ஐந்திலும் பொட்டு.

“சின்னபொண்ணு!”

அவள் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“பொடி படல சார். நீங்க சொன்னீங்கன்னு ஸ்டிக்கர் பொட்டாத்தான் வெச்சேன்.”

“யாரு உன்ன இங்க வெக்கச் சொன்னது?”

“எலி கடிச்சிருந்துச்சு சார். ஆறுலயும் ஒரே எடத்துல கடிச்சி வெச்சிருக்குது. மூளியா இருக்கிறத சாமி முன்னால வெப்பாங்களா? அதான் மூளிய மறச்சி வெச்சேன்.”

பாண்டுரங்கன் கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. உனக்கு இங்கே வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். இனிமேல் இந்த அறை வாசப்படியைத் தாண்டக்கூடாது என்றார். சின்னபொண்ணு முதல் ஃபிளாப்பியின் பொட்டை நகத்தால் மெதுவாகப் பிய்த்து, கை வழக்கத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். தட்டில் பிசின் தங்கிவிட்டது. அதோடு சொருகினால் மிஷினுக்குள் போய் ஒட்டிக்கொள்ளுமே என்று பாண்டுரங்கனுக்கு அடுத்த பயம். ஆலை டிஸ்பென்சரிக்குப் போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வரச் சொல்லி அவளை விரட்டினார்.

டிஸ்பென்சரி ஆலையின் அந்தக் கோடியில். போய் வரக் கால் மணியாகும். கால் மணி நேரம் சும்மா இருப்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை. எழுந்தார், உட்கார்ந்தார், பீரோவை இழுத்துப் பார்த்தார். கை பரபரத்தது. சரி, அதற்குள் பட்டியலையாவது அடித்து வைப்போம் என்று பதிவைத் திறந்தார்.

மொத்தம் முந்நூற்று எண்பத்தொன்பது பேர்.

இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். முந்நூற்று எண்பத்தொன்பது. தாண்டவராயன் பெயரைத் தேடினார். இல்லை. ஒலக்கூரே இல்லை. விளக்கு கண் மூடித் திறந்த அந்த நொடியில், மிஷின் பதிவைப் பாதியில் கடித்துத் துப்பியிருந்தது. பீரோ பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தவர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை.

முதலில் அவருக்கு அழுகை வந்தது. அப்புறம்தான் மேஜை மேல் கிடந்த ஆறு ஃபிளாப்பிகளைப் பார்த்தார். அவற்றில் அன்று மாலை நாலு மணிப் பதிவு முழுதாக இருக்கிறது. இருக்கிற ஒரே நகல் அதுதான். அதை அழித்துவிட்டு இந்த முந்நூற்றுச் சொச்சத்தை எழுதச் சொல்லித்தான் காலையில் வந்ததும் வராததுமாகப் பொத்தானை அழுத்தினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எழுத முடியாது என்று தடுத்தது அந்தப் பொட்டு.

இத்தனை மாதமாக இரண்டு தடவை, இரண்டு தடவை என்று ஓடியதெல்லாம் என்ன? காலையில் எழுதியதை மாலையில் அழித்தார். மாலையில் எழுதியதை மறுநாள் காலையில் அழித்தார். இரண்டு தடவை செய்தாரே தவிர, இரண்டாக வைத்திருக்கவில்லை. ஊர் வைத்த பெயர்கூடப் பொய் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

சின்னபொண்ணு ஸ்பிரிட் பாட்டிலோடு வாசப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

“அது வேணாம். உள்ள வா. கண்ணாடியில ஒட்டினியே, அந்தப் பொட்ட எடுத்து முன்ன இருந்த எடத்துலயே வெய்யி.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வெச்சா கத்துறீங்க, எடுத்தா கத்துறீங்க. நீங்களே வெச்சிக்குங்க சார்.”

“என் கை நடுங்குது, சின்னபொண்ணு.”

அவள் அதைப் பார்த்தாள். உள்ளே வந்து, பொட்டைப் பிய்த்து மூளியின் மேல் மடித்து ஒட்டி அழுத்தினாள். பிசின் குறைந்திருந்ததால் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஃபிளாப்பியிலிருந்து திரும்ப ஏற்ற ஆரம்பித்தார். முதல் தட்டு. இரண்டாவது. ஒவ்வொன்றுக்கும் கறகறவென்று நேரம் எடுத்தது. நான்காவதில் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது. ஆறும் முடிந்து எண்ணிக்கை கேட்டார். இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு. விடுமுறைக்கு முன் மாலையில் ஏற்றிய ஒன்பது பேருடைய சீட்டுகள் நல்லவேளையாக மேஜை டிராயரிலேயே இருந்தன. அவற்றை மறுபடி ஏற்றினார்.

மூன்றேகாலுக்குப் பட்டியல் கேட்டில் ஒட்டப்பட்டது. பதினான்காவது பெயர் தாண்டவராயன். எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்தவர், அது தன் பெயர்தானா என்று பக்கத்திலிருந்தவரையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

நடந்ததைக் கேட்ட நடராசன் பாண்டுரங்கன் தோளைத் தட்டினார். “எம்.டி.கிட்ட சொல்றேன்யா. நம்ம ரெண்டுவாட்டி பொழைக்க வெச்சிட்டான்னு.”

“சொல்லாதீங்க சார். நான் அழிக்கத்தான் பாத்தேன். பொழைக்க வெச்சது சின்னபொண்ணு வெச்ச பொட்டு.”

நடராசன் சிரித்தார். அப்புறம் பழைய சீட்டெல்லாம் எங்கே போனது என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, சிரிப்பை நிறுத்திவிட்டு, கேளாமலேயே இன்னொரு டப்பா ஃபிளாப்பிக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளிலேயே கீழே ஒரு வரி சேர்த்தார் பாண்டுரங்கன்: ஸ்டிக்கர் பொட்டு, பெரியது, இரண்டு அட்டை. காரணம் என்ற கட்டத்தில் ‘மூளி மறைக்க’ என்று எழுதியிருந்தது. ஸ்டோர்காரர் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊரைச் சிரிக்க வைத்தார்.

அன்று மாலை சின்னபொண்ணு குடத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பாண்டுரங்கன் எதிரில் போய் நின்றார்.

“காலைல கத்தினது என் தப்பு. மன்னிச்சிக்க.”

“அதெல்லாம் இருக்கட்டும் சார். இனிமே தொடமாட்டேன்.”

“தொடணும். தெனம் சாயங்காலம் நான் எழுதி முடிச்சதும் நீதான் பொட்டு வெக்கணும்.”

ஆறு ஃபிளாப்பிகளையும் அவளிடமே கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் நெஞ்சு அரிக்க ஆரம்பித்துவிட்டது. முதல் தட்டில் பிசின் குறைவாயிற்றே, பொட்டு நிற்குமா? ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

சின்னபொண்ணு பீரோவைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் வருவார் என்று தெரிந்தே நின்றவள்.

“போங்க சார், வண்டி போயிடும். ஆறும் பாத்துட்டேன்,” என்றாள். “ரெண்டுவாட்டி.”

பாண்டுரங்கன் பீரோவைப் பார்த்தார். கை அதன் பக்கம் கொஞ்சம் நீண்டது. பிறகு சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, திரும்பி ஸ்டேஷனுக்கு ஓடினார்.