தகராறு என்று போட்டார்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக மேல்தோல் தைக்கிறேன். பக்கத்து மிஷினில் இருப்பவள் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் வந்தது என்று நான் சொல்வேன். பிறக்கும்போதே அப்படித்தான் என்பாள். புருஷனைப் பிரிந்து, பெண்குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்து வைப்பாள்.

போன வருடம் எங்கள் லைனுக்குப் புது சூப்பர்வைசர் வந்தார். தையலைப் பார்க்கிற சாக்கில் அவள் தோளில் கை வைத்தார். முதல் தடவை நகர்ந்துகொண்டாள். அடுத்த தடவை, "சார், கைய எடுங்க" என்றாள். மூன்றாம் தடவை கை கழுத்துக்கு வந்தது. மிஷினை நிறுத்தி எழுந்து, லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "தையல் ஷூவுல இருக்குது சார். என் கழுத்துல இல்ல."

சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். "கம்ப்ளைண்ட் எழுதணும்க்கா. நீதான் கமிட்டியில இருக்கியே."

பெண்களின் புகாரை விசாரிக்கிற கமிட்டியில் தொழிலாளிகள் சார்பாக என்னைப் போட்டிருந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். அதுவரை நான் செய்த வேலை, மகளிர் தினக் கோலப்போட்டிக்கு மார்க் போட்டது.

அன்று நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "வேணாம்மா. வேற லைன் கேட்டு வாங்கித் தர்றேன். கம்முனு போய்டு."

அவள் டப்பாவை மூடினாள். "நான் இன்னாக்கா தப்பு செஞ்சேன், எடம் மாறறதுக்கு?"

மறுநாள் காலை பஸ்ஸில் என் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். சாப்பாட்டு நேரத்தில் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு நானே அவளிடம் போனேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

விசாரணை தொடங்கிய சில நாளில் வேலூரிலிருந்து வரும் மாலைப் பத்திரிகையில் செய்தி வந்தது: 'கணவரைப் பிரிந்த இளம்பெண் சூப்பர்வைசருடன் தகராறு.' பெயர் இல்லை. ஆனால் வயது, ஊர், குழந்தை எல்லாம் இருந்தது. அந்த ஆளைப் பற்றி 'சூப்பர்வைசர்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவள் ஊர் டீக்கடையில் சத்தமாகப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அவள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். அன்றுதான் அவள் வாய் திறக்காமல் இருந்து பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"வா, வேலூருக்குப் போலாம்" என்றேன்.

பத்திரிகை ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. ஆசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டார். "பேரு போடலையேம்மா, அப்புறம் இன்னா?"

"பேரு தவிர மீதி எல்லாம் போட்டுட்டீங்களே சார். எங்க ஊர்ல படிக்கிற கொழந்தைக்குக்கூட நான்தான்னு தெரியும்." அவளுடைய குரல் திரும்பி வந்துவிட்டது. "நான் புருஷனப் பிரிஞ்சவள்னு எழுதினீங்க. அந்தாளுக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லையான்னு எழுதினீங்களா? இன்னொண்ணு சார், தகராறுன்னா ரெண்டு பேரு செய்றது. இது அவரு செஞ்சது."

ஆசிரியர் செய்தியை எடுத்து மறுபடி படித்தார். "எங்களுக்கு வந்த மாதிரி போட்டோம்."

"இவகிட்ட யாராவது கேட்டாங்களா சார்?" என்றேன். "புகார் குடுத்தவங்க யாருன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு சட்டமே இருக்குது." மேஜைக்குக் கீழே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆசிரியர் ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். "கேக்கலதான். தப்புதான்மா. எப்படிப் போடணும்னு சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிட்டோம். ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குப் பேரு பிரியாணியா? அந்த சார்கிட்ட திரும்பிப் போய் இதுக்கும் திருத்தம் போடச் சொல்லலாமாக்கா?" என்றாள். கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

அது தகராறு இல்லை, சூப்பர்வைசர் மேல் கொடுத்த புகார் என்று திருத்தம் நாலே வரியில், கடைசிப் பக்கத்தில், ஜவுளி விளம்பரத்துக்குக் கீழே வந்தது. அவளுக்கு அது போதவில்லை. ஆனால் அவள் அம்மா அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், "இதையும் சத்தமாப் படிங்க" என்று நின்றிருக்கிறார். அவளுக்கு அந்தக் குரல் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கம்பெனியில் அவளை வேறு லைனுக்கு மாற்றலாம் என்ற பேச்சு வந்தபோது, "மாத்தணும்னா அவர மாத்துங்க" என்று கமிட்டியில் சொன்னேன். எங்கள் லைனிலிருந்து மூன்று பெண்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள். புகார் உண்மை என்று எழுதினோம். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்குப் பிறகும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்கியவர்கள் உண்டு. சிலர் மெல்லத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை.

கமிட்டிக்கு மறுபடி ஆள் எடுத்தபோது அவள் பெயரை நான்தான் கொடுத்தேன்; அவளும் கமிட்டிக்கு வந்தாள். போன மாதம் பேக்கிங்கிலிருந்து ஒரு பெண் எங்களைத் தேடி வந்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் துப்பட்டாவைத் திருகிக்கொண்டு நின்றாள். இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காரும்மா. மொதல்ல சாப்டு. அக்கா எழுதும்."