வெற்றிலைத் தட்டு இல்லாத அழைப்பு

என் மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, தேயிலை எஸ்டேட் மண்டபத்தில் இரண்டு மூட்டை வெங்காயத்தோடு நானும் என் மனைவியும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். சாயங்காலம் ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இருநூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும். கல்யாண விருந்துக்குத்தான் சமையல்காரர். முதல் நாள் சமையல் எப்போதுமே எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் கூடிச் செய்வது. பதினொரு மணியாகியும் ஒருவரும் வரவில்லை.

காரணம் என் மனைவிக்குத் தெரியும். வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள் என்று மூன்று வாரம் முன்பே தலைதலையாக அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே. லயத்தை விட்டுத் திரிங்காப்பு ஊருக்குப் போய்ப் பூத்தோட்டம் போட்டு, சொந்த லோரி வாங்கிய பெரிய மனிதன் நான். நாற்பது வீட்டுப் படி ஏற எனக்கு நேரம் ஏது? லயத்து வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழைப் போட்டுவிட்டேன். வாழ்த்துகள் வந்து குவிந்தன. ஊரே வரப்போகிறது என்று பூரித்துப்போனேன்.

லயத்துச் சமையல் எதுவானாலும் முன்னால் நிற்கும் அக்கா, எதிர் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோபமாகத்தான் போய்க் கேட்டேன்.

“போன்ல எல்லாருக்கும் வந்துச்சு தம்பி. என் வீட்டுக்கு யாரும் வரலையே லா,” என்றார். வேண்டுமானால் நாளைக்குச் சாப்பிட வருவோம், அழைக்காத வீட்டில் அடுப்பு மூட்ட எப்படி வருவது என்றும் கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மனைவி தட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அந்த அக்காவிடமே முதல் வெற்றிலையைக் கொடுத்தோம். பிறகு தூறலில் வீடு வீடாகப் படி ஏறினோம். சிலர் ஏசினார்கள், சிலர் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். பாதி லயம் முடிவதற்குள் மண்டபத்தில் அடுப்புப் புகை கிளம்பிவிட்டது.

கடைசி வீட்டில் மாலை போட்ட படம். என்னோடு கொழுந்து மூட்டை தூக்கியவர். போன வருடம் அவர் இறந்த செய்திக்குக் குழுவில் ஒரு கும்பிடும் கை போட்டதோடு சரி, நான் வரவே இல்லை. அவர் மனைவியிடம் தட்டை நீட்ட முடியவில்லை.

“இருங்கண்ணே, கத்திய எடுத்துட்டு வரேன்,” என்று அவர் உள்ளே போனார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தபோது, கணவரை இழந்தவர் என்று ஓரமாக ஒதுங்கி நின்ற அவரைக் கூப்பிட்டு, முதல் இலைக்குச் சோறு போடச் சொன்னேன்.