புருசன் பொண்டாட்டிக்கு இடமில்லாத ஹாஸ்டல்

மைக்கைக் கண்டாலே நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்படிப்பட்டவளைத்தான் தொழிலாளர் பிரதிநிதி என்று எங்கள் பனியன் கம்பெனிச் சங்கத் தலைவர் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். "நீ ஒன்னும் பேச வேண்டாங் கண்ணு. உக்காந்து தலையாட்டுனாப் போதும்" என்றார்.

வெளிமாநில ஆட்களை எங்கே தங்கவைப்பது என்று அரசாங்கம் விதி போடப்போகிறதாம். முதலாளிகளையும் சங்கங்களையும் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி வந்திருந்தார். அந்த ஏசி ஹாலில் வெளிமாநில ஆள் ஒருத்தருமில்லை, டீ கொடுத்தவரைத் தவிர.

என் மனசெல்லாம் கம்பெனியில் பக்கத்துத் தையல் மெஷின் ஒரிசாக்காரி மேல். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், வரிசையாக அறைகள் கட்டிய லைன் வீட்டில், என் அடுத்த அறையில்தான் அவளும், எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற அவள் புருசனும் குடியிருந்தார்கள். அவர்களைப் பிரித்துவிடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூலிப் பேச்சுவார்த்தையில் மேஜையைத் தட்டி முறைத்துக்கொள்கிற எங்கள் முதலாளியும் தலைவரும் அன்றைக்கு ஒரே சோபாவில் இருந்தார்கள்.

"வெளிய உட்டா நாளைக்கொரு கம்பெனிக்கு ஓடிப்போறானுங்க. கம்பெனி ஹாஸ்டல்தான் பாதுகாப்புங்க" என்றார் முதலாளி. யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை.

"அதேதானுங்க. வெளிய இருந்தா கம்மிக் கூலிக்குப் போயி நம்ம ரேட்டைக் கெடுக்கறாங்க" என்றார் தலைவர். எதிலும் ஒத்துப்போகாதவர்கள், அடுத்தவர் படுக்கிற இடத்தில் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள்.

நான் எழுந்தேன். "ஹாஸ்டல்ல புருசன் பொண்டாட்டி எங்கீங்க தங்குவாங்க?"

"ஞாயித்துக்கெழம பாத்துக்கட்டும், ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய!" என்றார் முதலாளி. ஹாலே சிரித்தது. தலைவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, "உக்காரு கண்ணு" என்று என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அதிகாரி என் கேள்வியை எழுதவில்லை. 'இரு தரப்பும் ஒருமனதாக' என்று எழுதி, சத்தமாகப் படித்தும் காட்டினார்.

விதி வருவதற்குள்ளாகவே அந்தக் கூட்டத்தைச் சாக்காக வைத்து எங்கள் கம்பெனி ஹாஸ்டலைக் கட்டாயமாக்கியது. ஆணுக்கு ஒரு கட்டிடம், பெண்ணுக்கு ஒரு கட்டிடம், வாசலுக்கு ஒரு வாட்ச்மேன். "நான் கல்யாணம் பண்ணது வாட்ச்மேனையாக்கா?" என்று கேட்டாள் ஒரிசாக்காரி. தையல் லைனில் எங்களோடு உட்கார்ந்து கற்ற தமிழ். மறுநாள் அடுப்பையும் பாயையும் கட்டிக்கொண்டு ரெண்டு பேரும் கேரளாவுக்கு ரயிலேறிவிட்டார்கள்.

அவள் மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது. ஆர்டர் தேங்கி நிற்க, "வடக்கத்தி ஆளுகளுக்கு நன்றியே இல்லீங்க" என்று முதலாளி லைனில் நின்று புலம்பினார். பக்கத்தில் நின்று தலைவர் தலையாட்டினார். நன்றாகவே ஆட்டினார். எனக்கே சொல்லிக்கொடுத்தவராச்சே.