கட்டிலுக்கும் திரைக்கும் நடுவில்

எங்கள் குடும்பத்தில் ஒருவன் ஒரே ஒரு தடவை பிரிண்டரை ஓட வைத்துவிட்டால் போதும், அன்றோடு அவன் நிம்மதி போயிற்று. யார் வீட்டில் எந்தப் பெட்டி முரண்டு பிடித்தாலும் போன் அவனுக்குத்தான் வரும். அந்த ஒருவன் நான். பிழைப்புக்கு நான் செய்வது ஒரு கிடங்கில் சரக்கு வந்ததையும் போனதையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அதைச் சொன்னால் யார் காதில் விழுகிறது? அக்காவுக்கு நான் எஞ்சினியர்.

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் புலம்பலில் தொடங்கிவிட்டேன். அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மைக் வேலை செய்யாத நாளிலும் வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவள். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயரே ‘மைக்’தான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. சோப்பு தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

மாமா, அதாவது அவள் கணவர், நேர் எதிர். வாய்க்குள்ளேயே பேசுவார். ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொள்ள வந்தவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து “பிரேக்” என்று மெதுவாகத்தான் சொல்வாராம். அவர்கள் வீட்டுச் சண்டைகளில் பேசுவதெல்லாம் அக்கா, ஜெயிப்பதெல்லாம் மாமா.

பிறகு அவருக்கு நரம்பு நோய் வந்தது. கால், கை, நாக்கு என்று ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. புத்தி மட்டும் துளியும் மங்கவில்லை. அதுதான் கொடுமை. கடைசியில் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதற்கு மிஞ்சியது வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான். அதுவும் அசைவது வெளியே தெரியாது. கட்டைவிரலில் கட்டியிருந்த பட்டனுக்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பட்டனுக்காகத்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டர். மறுவாழ்வு மையத்தில் அதில் ஒரு பேசும் மென்பொருளை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு மஞ்சள் கட்டம் அவற்றின் மேல் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு அது வரும்போது மாமா பட்டனை அழுத்துவார். சொல் முடிந்ததும் கம்ப்யூட்டர் அதை உரக்கப் படிக்கும். அடிக்கடி தேவைப்படுபவைக்குத் தனிக் கட்டங்கள் வைத்திருந்தார்: ‘முதுகு’, ‘வெளிச்சம்’, ‘ஃபேன்’. என்னைத் திட்டுவதற்கென்றே ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார். ‘மாப்ள, நீ வேஸ்ட்’ என்பது அதில் முதல் கட்டம்.

மென்பொருளைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. புதுக் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை. குட்டிக்கரணம் அடித்துப் பார்த்தும் நடக்கவில்லை. ஆக, ஆன் செய்தால் அறையே அதிர இரைகிற அந்தக் கிழப் பெட்டியை விட்டால் மாமாவுக்கு வாய் கிடையாது. முதலில் பட்டனுக்கு ஒயர் இருந்தது. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் இழுபட்டு அறுந்தது. அதனால் ஒயர் இல்லாத பட்டன் வாங்கி, அதன் சிக்னலைப் பிடிக்கிற நகத்தளவு ரிசீவரைப் பெட்டியின் பின்பக்கம் செருகினேன். முன்பக்கத்து யூ.எஸ்.பி. ஓட்டைகள் எப்போதோ செத்துவிட்டன.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாமாவுக்கு மூச்சுத் திணறல் ஆரம்பித்தது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். பிறகு அக்காவிடம் சொன்னார்.

“மூச்சு விடுற தசையும் போயிட்டிருக்கும்மா. தொண்டையில துளை போட்டு மெஷின் வைக்கலாம். வச்சா ராத்திரி பகலா அதோடதான் இருக்கணும். வைக்கலேன்னா ரொம்ப நாள் தாங்காது. வேணுமா வேணாமான்னு அவர்தான் சொல்லணும்.”

“அவர் வேணும்னுதான் சொல்வாரு டாக்டர். கண்ணைப் பாருங்க, தெரியல?”

“கண்ணைப் பார்த்து ஆளுக்கொரு அர்த்தம் சொல்லலாம்மா. வார்த்தையா வரணும். அடுத்த வாரம் வரேன்.”

அவர் போனதும் அக்கா கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். எதிரே சுவரில், மாமாவுக்குத் தெரிகிற மாதிரி அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்த திரை, பின்னால் மாமா. “என்னங்க, சொல்லுங்க” என்றாள். மஞ்சள் கட்டம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை போயிற்று. மறுபடி முதலிலிருந்து வந்தது. ஒரு எழுத்தும் விழவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேலையில் இருப்புக் கொள்ளவில்லை. “டேய், மறுபடியும் போச்சுடா” என்று போன் வரும். பெட்டியை அணைத்துப் போட்டோம். பட்டனுக்குப் புது பேட்டரி போட்டோம். ரிசீவரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகினோம். பட்டனைக் கம்ப்யூட்டரின் நினைவிலிருந்தே நீக்கிவிட்டு, புதிதாகச் சேர்ப்பதுபோல் சேர்த்தோம். அந்த ஒரு காரியத்துக்கு அந்தக் கிழம் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். சேர்ந்தது. ஓடியது. நான் வீட்டுக்குக் கிளம்பி பஸ் ஏறுவதற்குள் மறுபடி போன்.

மாடி வீட்டு வைஃபை குறுக்கே வருகிறதோ என்று நான் வாயை வைத்துத் தொலைத்தேன். அவ்வளவுதான், அக்கா மாடிப்படியில் ஏறிவிட்டாள். “உங்க வைஃபையைக் கொஞ்சம் அணைங்க, எங்க வீட்டுக்காரர் பேசணும்” என்று அவள் கேட்டது எனக்குக் கீழே வரை கேட்டது. அவர்கள் பயந்துபோய் டிவியையும் சேர்த்து அணைத்தார்கள். அவள் இறங்கி வந்து கால்மாட்டில் நின்று கேட்டபோதும் மஞ்சள் கட்டம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் பெண் வருவாள். அதிகம் பேசாதவள். ஒருநாள் மருந்து எடுத்து வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“எங்கிட்ட நல்லாத்தானே பேசுறார் மேடம். காலையில கூட ஃபேனைக் குறைக்கச் சொன்னார். கழுத்து வலிக்குதுன்னார்.”

அக்கா பதில் சொல்லாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லடா. அவருக்கு எங்கிட்ட பேச இஷ்டமில்ல.”

“உளறாதேக்கா.”

“நான் கேட்டா மட்டும் வாயை மூடிக்கிறார். வாழ்க்கை முழுக்க அவரைப் பேச விடாம நானே கத்தினேன் இல்ல? இப்ப பழி வாங்குறார்.”

அவள் அழுதாள். சத்தமே இல்லாமல். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எறிந்தால் மட்டும் என்ன கிடைக்கும் என்று, மேஜைக்குப் பின்னால் போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து ரிசீவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். சிக்னல் வரும்போதெல்லாம் அதில் ஒரு பொட்டு நீல விளக்கு மினுக்கும். அப்போது மினுக்கிக்கொண்டிருந்தது. மாமா நர்ஸ் பெண்ணிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் பக்கவாட்டில் நாற்காலியில் இருந்தாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில், கால்மாட்டில், திரையைப் பார்த்து நின்றாள். நீல விளக்கு நின்றுபோயிற்று. அவள் போன் அடித்தது. எடுக்கப் போனாள். விளக்கு படபடவென்று மினுக்கியது. திரும்பி வந்தாள். நின்றது.

மாமா விடாமல் அழுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெட்டி மேஜைக்கடியில், ரிசீவர் அதற்கும் பின்னால். இருக்கிற கொஞ்சம் சிக்னலும் வருகிற வழியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சின்ன அலையால் மனித உடம்பை லேசில் தாண்டிப் போக முடியாதாம், பிறகு தேடிப் படித்தேன். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று படிக்கிற ஆசையில் ஒவ்வொரு முறையும் திரைக்குக் கிட்டே போய் நின்று, அவர் வாயை அவளே அடைத்திருக்கிறாள்.

“அக்கா, அந்த நாற்காலியில வந்து உட்காரு” என்றேன். உட்கார்ந்தாள். மஞ்சள் கட்டம் நகர்ந்தது, நின்றது. கம்ப்யூட்டர் அந்த உணர்ச்சியில்லாத குரலில் சொன்னது: “மாப்ள, நீ வேஸ்ட்.”

அக்கா சிரித்த சிரிப்பில் மாடி வீட்டில் ஏதோ உருண்டு விழுந்தது. நான் விஷயத்தை விளக்கினேன். “அடப்பாவி, நானா? நான்தானா?” என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நீளமான ஒயர் ஒன்று வாங்கி வந்து ரிசீவரைக் கட்டில் பக்கமாக இழுத்து வைத்துவிட்டால் எங்கே நின்றாலும் வேலை செய்யும் என்றேன். சரி சரி என்று தலையாட்டினாள். மாமாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கேட்டதை, இந்த முறை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“என்னங்க, மெஷின் வச்சுக்கலாம்ல?”

கட்டம் நிதானமாகப் போயிற்று. எழுத்து எழுத்தாக விழுந்தது. முதல் எழுத்து விழுந்தபோதே அக்காவின் முகம் மலர்ந்தது. வேண்டும் என்றாலும் அதே எழுத்துதான். மூன்றாவது எழுத்து விழும் வரைக்கும் அவள் அப்படியே இருந்தாள்.

“வேண்டாம்” என்றது கம்ப்யூட்டர்.

“ரீஸ்டார்ட் பண்ணு” என்றாள் என்னிடம், திரும்பாமல். பண்ணினேன். பெட்டி இரைந்து எழுந்தது. மறுபடி கேட்டாள். மறுபடி “வேண்டாம்”. பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்றாள். பட்டனைத் துடைத்துக் கட்டினேன். மாமா இந்த முறை இன்னும் நீளமாக எழுதினார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியவில்லை. “வேண்டாம். களைச்சுப் போச்சு. கோபம் இல்லை.”

வாசல் வரைக்கும் என்னோடு வந்தாள். “அந்த ஒயரை வாங்கிட்டு வராதே” என்றாள். நான் வாங்கவில்லை. எனக்கும் அவர் வேண்டும் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. என்னைத் திட்ட அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

சொன்னபடி டாக்டர் வந்தார். அக்கா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். டாக்டர் உள்ளே நுழைந்ததும் போய்க் கால்மாட்டில் நின்றாள். இந்த முறை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாமாவைப் பார்த்தபடி.

“யோசிச்சீங்களா? மெஷின் வைக்கலாமா?” என்று டாக்டர் மாமாவிடம் கேட்டார்.

மஞ்சள் கட்டம் போயிற்று, வந்தது. டாக்டர் காத்திருந்தார். மறுபடி போயிற்று, வந்தது.

“என்னம்மா, வேலை செய்யலையா?”

“பழைய கம்ப்யூட்டர் டாக்டர். இப்பல்லாம் அடிக்கடி இப்படித்தான் ஆகுது” என்றாள் அக்கா. கவுண்டரில் பேசுகிற அதே கணீர்க் குரல். “அவருக்குச் சம்மதம்தான். கையெழுத்து நான் போடறேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நர்ஸ் பெண் தரையைப் பார்த்தாள். மேஜைக்குப் பின்னால் நீல விளக்கு இருண்டு கிடந்தது. அந்தப் பக்கம் மாமாவின் விரல் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ‘ஆமா டாக்டர், பழைய பெட்டி’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா இருப்பார். எப்படியோ, குழாயோடும் மெஷினோடும், இருப்பார். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்த்து ஆளுக்கொரு அர்த்தம் சொல்லலாம் என்றாரே டாக்டர், எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, பக்கவாட்டுக்கு நகர்ந்தாள்.

“வேண்டாம்” என்றது கம்ப்யூட்டர், உடனே.

டாக்டர் தலையசைத்தார். இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மூச்சு முட்டாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று நர்ஸ் பெண்ணை வெளியே அழைத்துப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியின் இரைச்சலும்தான் மிச்சம்.

“டேய்,” என்றாள் அக்கா. அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “கனெக்‌ஷன் சரியாத்தான் இருக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லு.”

நான் குனிந்து பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

“நல்லா இருக்குக்கா” என்றேன்.