மயக்க டாக்டர் கேட்ட கேள்வி

டாக்டர் ஜலஜாவின் முகம் எந்த நோயாளிக்கும் நினைவிருந்ததில்லை. ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் பழக்கூடை வரும். மயக்க ஊசி போட்டவளை யார் தேடுவார்கள்? "ஊரையே தூங்கப் பண்றே, ஆத்துல அச்யுத்தை மட்டும் உன்னால தூங்கப் பண்ண முடியலையே" என்று கணவர் வெங்கடரமணன் மகனைக் காட்டிக் கேலி செய்வார். அவளும் சிரித்துவிட்டு மயிலாப்பூர் நர்சிங் ஹோமுக்குக் கிளம்பிவிடுவாள்.

தொண்ணூற்றாறில் ஒரு காலை, நர்சிங் ஹோம் வேன் டிரைவர் மெஹபூப் அலி மூச்சிரைக்க ஓடிவந்தார். பட்டினப்பாக்கத்தில் ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று, மீன் விற்கும் தேவானையின் காலைச் சுவரோடு நசுக்கிவிட்டது. லாரியை லேசாக அசைத்தாலே அவள் துடிக்கிறாள், யாருக்கும் கை வரவில்லை. ஜலஜா மருந்துப்பெட்டியோடு வேனில் ஏறினாள்.

தெருவில் வைத்து மயக்கம் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. வயிற்றில் சோறு இருந்து, மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கினால் உயிரே போய்விடும். அதனால்தான் அவள் எப்போதும் "கடைசியா என்ன சாப்ட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று வக்கீல் மாதிரிக் குடைவாள். அன்று பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சும்மா" என்றாள் தேவானை, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ சாப்ட்டியா?"

ஜலஜாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டா என்ன? சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். மண்டியிட்டு, தேவானையின் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"எனக்கு மட்டும் சொல்லு. என்ன சாப்ட்டே?"

"நேத்து மத்தியானம் துன்னதுதாம்மா. ஊட்ல கீற சோறு பசங்களுக்கே பத்தல. யாராண்டயும் சொல்லிடாத."

அப்பாடா என்றிருந்தது ஜலஜாவுக்கு. ஊசி போட்டு, கண் சொருகியதும் மூச்சு அடைக்காதபடி தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். லாரி நகர்ந்தது, கால் வெளியே வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் அந்தப் பிடியை அவள் விடவில்லை. மூச்சு சீராகவே இருந்தது. "தேவானை, இதோ வந்துட்டோம்" என்று கேட்காத காதில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அங்கே டியூட்டி டாக்டர் காகிதமும் பேனாவுமாக வந்தார். "எப்ப சாப்ட்டாங்க மேடம்?"

சொல்லாமல் இருக்க முடியாது. "நேத்து மத்தியானம்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"நல்லதாப் போச்சு" என்று அவர் எழுதிக்கொண்டார்.

ஜலஜா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.